டிஸ்ப்ளே திறக்கவில்லை

அந்தப் பையில லேப்டாப்தானே சார் இருக்கு? மடியிலயே வெச்சுக்குங்க, மேல போடாதீங்க. இந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டார்னா மேல இருக்கறதெல்லாம் முன் சீட்டுக்காரர் தலையில இறங்கிடும். கம்ப்யூட்டர் துறையா நீங்க? இல்லையா, பேங்க்கா. பரவாயில்ல. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிடுவேன். அது எனக்குக் கைவந்த விஷயம்.

என் பேரு சிங்காரவேலு. நாகப்பட்டினம் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில சிஸ்டம்ஸ் இன்சார்ஜ். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், விடுங்க. இப்ப தர்மபுரி தாண்டி அவங்க ஒரு புதுக் கிளை தொடங்கறாங்க, அங்க போயிட்டிருக்கேன். ஏன் போறேன்னா, அது ஒரு கதை. சேலம் வர்ற வரைக்கும் நேரம் இருக்கில்ல.

எங்க ஆஸ்பத்திரியில கேன்சருக்குக் கதிர்வீச்சு கொடுக்கற மெஷின் இருக்கு. நம்ம ஜனங்க கரண்ட் வைக்கறதும்பாங்க. எடுத்த எடுப்புல கரண்ட் வெச்சுட முடியாது சார். எந்தக் கோணத்துல வைக்கணும், எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு ஸ்கேன் படத்து மேல கோடு போட்டு பிளான் பண்ணணும். அதுக்குன்னு பக்கத்துல பிளானிங் ரூம்ல ஒரு லினக்ஸ் மெஷின், அதாவது ஒரு கம்ப்யூட்டர், அதுல ஒரு ப்ரோக்ராம். வேற எந்தக் கம்ப்யூட்டர்லயும் அது ஓடாது, கம்பெனிக்காரன் அப்படிப் பூட்டிக் கொடுத்திருக்கான். அதுல உக்காந்து பிளான் போடறவங்க எஸ்தர் மேடம். மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். அவங்களை விட்டா வேற ஆள் கிடையாது. நல்லவங்க, திறமைசாலி, நான் மறுக்கல. ஆனா ஒரு குணம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க.

ஐப்பசி மழையில அவங்க ஸ்கூட்டி வழுக்கிடுச்சு. கால்ல எலும்பு முறிஞ்சு, முழங்காலுக்கு மேல வரைக்கும் மாவுக்கட்டு. வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. காலைக் கீழ ஊனவே கூடாதுன்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டார். அப்பதான் எங்க பெரிய டாக்டர், சபேசன், என்னைக் கூப்பிட்டு, "சிங்காரவேலு, மேடம் வீட்டுலேர்ந்தே பிளான் போடற மாதிரி பண்ணிக் கொடுங்க, பேஷண்ட் காத்திட்டிருக்கார்"னார். பண்ணிடலாம் டாக்டர்னேன். என்ன பெரிய விஷயம்? வீட்டு லேப்டாப்லேர்ந்து ஆஸ்பத்திரி மெஷினுக்குள்ள போறதுக்கு வழி போட்டேன். பாஸ்வேர்ட் கொடுத்தேன். மேடம் உள்ளே வந்துட்டாங்க. கறுப்புத் திரையில எழுத்து மட்டும் வரும் பாருங்க, அது வந்துடுச்சு. ப்ரோக்ராம் பேரை டைப் பண்ணி என்டர் தட்டினாங்க.

ஒரே ஒரு வரி வந்தது. டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை. இங்கிலீஷ்ல.

நீங்களே சொல்லுங்க சார். டிஸ்ப்ளேயைத் திறக்க முடியலன்னா என்ன அர்த்தம்? டிஸ்ப்ளேல கோளாறுன்னு அர்த்தம். டிஸ்ப்ளேன்னா மானிட்டர். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் நேரம் கடத்தற ஆள் இல்ல. அன்னிக்கு மத்தியானமே ஸ்டோர்லேர்ந்து ஒரு புது மானிட்டரை எடுத்து ஆஸ்பத்திரி வேன்ல ஏத்தி, ரெண்டு அட்டெண்டரை விட்டு மாடிக்குத் தூக்கிட்டுப் போய் மேடம் கட்டில் பக்கத்துல வைக்கச் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரியில இப்படிச் செய்வாங்க?

மேடம் போன் பண்ணினாங்க. "சார், மானிட்டர் நல்லாயிருக்கு, நன்றி. ஆனா இது அந்த டிஸ்ப்ளே இல்ல. ப்ரோக்ராம் ஆஸ்பத்திரி மெஷின்ல ஓடுது, அது வரையற விண்டோ என் லேப்டாப்புக்கு வரணும். எங்க வரணும்னு அதுக்கு ஒரு விலாசம் தெரியணும். அந்த விலாசத்துக்குப் பேர்தான் டிஸ்ப்ளே."

"சரி மேடம். விலாசம் ஏன் தெரியல?"

"விண்டோவை வெளியே அனுப்பற அனுமதி அந்த மெஷின்ல மூடியிருக்கு சார். செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு இடத்துல 'நோ'ன்னு இருக்கும். அதை 'யெஸ்'னு மாத்தினாப் போதும். எனக்கு அந்த ஃபைலைத் தொட உரிமை இல்ல, உங்ககிட்டதான் இருக்கு."

அந்த 'நோ'வைப் போட்டவனே நான்தான் சார். மெஷின் வந்த புதுசுல போட்டேன். பாதுகாப்பு. ஆஸ்பத்திரின்னா நோயாளிங்க விவரமெல்லாம் இருக்கு, திறந்த வீடு மாதிரி விட முடியுமா? 'நோ'ன்னு இருந்தா ஒண்ணும் வெளியே போகாது. நான் பொறுமையாச் சொன்னேன்: "மேடம், நீங்க ஃபிசிக்ஸ் பாருங்க. சிஸ்டத்தை நான் பார்த்துக்கறேன்."

இதுக்கு நடுவுல அந்தப் பேஷண்ட். தெட்சிணாமூர்த்தின்னு பேரு. மீன் மார்க்கெட்ல ஏலம் விடறவர். விடிஞ்சதும் படகு கரைக்கு வந்ததுன்னா அவர் குரல்தான் முதல்ல கேக்குமாம். அந்தத் தொண்டையிலயே வந்துடுச்சு. பேச்சு காத்து மாதிரிதான் வரும். அதனால அவர் சம்சாரம்தான் பேசும். தினமும் ரெண்டு பேரும் வந்து என் ரூமுக்கு எதிர் பெஞ்சில உக்காந்திருப்பாங்க. "அய்யா, எஸ்தரம்மா பொட்டி சரியாயிடுச்சா?"ன்னு அந்தம்மா கேக்கும். பொட்டி இல்லம்மா, டிஸ்ப்ளேன்னு சொல்லுவேன். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்களேன்னு கூடச் சொல்லிப் பார்த்தேன். "மாஸ்க்கு இங்கதானேய்யா எடுத்திருக்கு"ன்னுச்சு. முகத்துக்கு வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்வாங்க சார், கரண்ட் வைக்கும்போது தலை அசையாம இருக்க. அளவெடுத்து, முகத்து மேலயே இளக்கிப் போட்டு எடுப்பாங்க. அது அலமாரியில அவர் பேரு எழுதி இருந்தது. அவர் கஞ்சி மட்டும்தான் குடிச்சிட்டிருந்தார். அதுவும் பாதி.

நான் சும்மா இருக்கல. இன்டர்நெட்ல தேடினேன். உலகம் பூரா இதே எரர் வந்து அழுதிருக்காங்க சார், நான் மட்டும் இல்ல. அதுல ஒரு புண்ணியவான் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். டிஸ்ப்ளே ஈக்வல் டு, மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி, ஜீரோ. இதை டைப் பண்ணு, எரர் போயிடும்னு. மேடம் பேருல உள்ளே போய் டைப் பண்ணினேன். ப்ரோக்ராமைத் தட்டினேன். எரர் வரல. சுத்தமாப் போயிடுச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நான் அதோட விடல. தினமும் மேடம் அதை டைப் பண்ணிட்டிருக்கக் கூடாதுன்னு, உள்ளே நுழைஞ்ச உடனே தானா ஓடற ஃபைல் ஒண்ணு இருக்கும், அதுல நிரந்தரமா எழுதி வெச்சுட்டேன். அடுத்தவங்க கஷ்டத்தை யோசிக்கணும் சார்.

சபேசன் டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன், பிரச்சனை தீர்ந்ததுன்னு. சாயந்திர மீட்டிங்கில எல்லார் முன்னாலயும் என் பேரைச் சொன்னார். மறுநாள் டெல்லியில ஏதோ மாநாடு, கிளம்பிட்டார்.

மேடம் போன். "சார், எரர் வரல."

"சொன்னேன்ல மேடம்."

"விண்டோவும் வரல."

கொஞ்ச நேரம் ஆகும், பொறுங்கன்னேன். பொறுத்தாங்க. வரல. உங்க வீட்டு நெட் மெதுவா இருக்கும், பக்கத்து வீட்டுல சீரியல் ஓடுதா பாருங்கன்னேன். அவங்க எதிர்த்துப் பேசல, ஆனா குரல் மாறிடுச்சு. "சார், நீங்க என்ன மாத்தினீங்கன்னு சொல்ல முடியுமா?" எரரை மாத்தினேன் மேடம், எரர் இப்ப இல்லன்னேன். அவங்க திரும்பவும் அந்த 'நோ'வைப் பத்தி ஆரம்பிச்சாங்க. எனக்கு வேற வேலை இருந்தது, வெச்சுட்டேன். அவங்க ப்ரோக்ராமை விடாம தட்டிட்டே இருந்திருக்காங்க போல. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, நினைச்சப்பெல்லாம்.

இருதயராஜ்னு ஒருத்தன் சார், கரண்ட் மெஷினை ஓட்டற டெக்னீஷியன். எப்ப பார்த்தாலும் ஒரு நக்கல் சிரிப்பு. அவன் ஒருநாள் மாடியேறி வந்து, "சார், பிளானிங் ரூம்ல மெஷின் தானா விண்டோ திறக்குது. யாரும் உக்காரல. திடீர்னு ஒரு கழுத்துப் படம் வருது. நான் பார்த்துட்டு இருக்கும்போதே இன்னொண்ணு மேல வந்து விழுது"ன்னான்.

 ஓடினேன். உண்மைதான் சார். திரை பூரா கழுத்து. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, சீட்டுக்கட்டு மாதிரி. நான் பார்க்கும்போதே புதுசா ஒண்ணு திறந்தது. கீபோர்டு பக்கம் ஈ காக்கா இல்ல.

இது ஹேக்கர் வேலைதான். வேற என்னவா இருக்க முடியும்? வெளிநாட்டுலேர்ந்து எவனோ உள்ளே புகுந்து நம்ம நோயாளி படத்தைத் திறந்து திறந்து பார்க்கறான். நான் ஒரு கணம்கூட யோசிக்கல. நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். ரூமைப் பூட்டினேன். சாவியை என் பையில போட்டுக்கிட்டேன். வாசல்ல 'உள்ளே வராதீர்'னு எழுதி ஒட்டினேன். சபேசன் டாக்டருக்கு மெசேஜ் அனுப்பினேன்: தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அவர் மாநாட்டுல இருந்திருப்பார், பதில் வரல.

மேடம் போன் பண்ணினாங்க. "சார், இப்ப மெஷினுக்குள்ளயே போக முடியல."

"போக முடியாது மேடம். நாம தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கோம். போன்ல விவரம் சொல்ல முடியாது."

"என்ன ஆச்சு?"

"யாரோ தானா விண்டோ திறக்கறாங்க."

"என்ன விண்டோ?"

"கழுத்து."

"யார் கழுத்து சார்? மேல பேரு போட்டிருக்குமே."

தெட்சிணாமூர்த்தின்னேன்.   அந்தப் பக்கம் சிரிப்பு. சிரிப்புன்னா, அழுகையும் சேர்ந்த மாதிரி ஒரு சிரிப்பு. "சார், அது நான்தான். நான் இங்க தட்டற ஒவ்வொரு தடவையும் விண்டோ அங்க திறந்திருக்கு. ரெண்டு புள்ளி ஜீரோன்னு எங்கயாவது எழுதினீங்களா?"

எழுதினேன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு?

"அது அந்த மெஷினோட சொந்தத் திரைக்கு விலாசம் சார். என் வீட்டுக்கு வர வேண்டிய தபாலுக்கு உங்க வீட்டு விலாசத்தை எழுதின மாதிரி. அந்த வரியை எடுத்துடுங்க. 'நோ'வை 'யெஸ்' ஆக்குங்க. வயரைச் சொருகுங்க. இன்னிக்கே பிளானை முடிச்சுடறேன்."

சார், நீங்க பேங்க்ல இருக்கீங்க, உங்களுக்கு ஒழுங்குமுறை தெரியும். அந்த வரியை எடுத்தா என்ன ஆகும்? எரர் திரும்ப வரும். எவ்வளவு பாடுபட்டு நீக்கின எரர்! பெரிய டாக்டர் பாராட்டின வேலை. அதை ஒரு போன்ல கேட்டாங்கன்னு கலைச்சுட முடியுமா? அதோட ஹேக்கர் விஷயம் இன்னும் முடியல. விண்டோ திறந்தது தான்தான்னு மேடம் சொல்றாங்க, சரி. ஆதாரம் என்ன? டாக்டர் வரட்டும் மேடம், எழுத்துமூலமா அனுமதி வாங்கிட்டுச் செய்யலாம்னு மரியாதையாத்தான் சொன்னேன்.

பெஞ்சில உக்காந்திருந்த தெட்சிணாமூர்த்தி சம்சாரம் எல்லாத்தையும் கேட்டிருக்கு. நான் போனை வெச்சதும் எழுந்து வந்து, "அய்யா, அம்மா இங்க வந்தா வேலை ஆயிடுமா?"ன்னு கேட்டுச்சு. எப்படிம்மா வருவாங்க, காலை ஊனக்கூடாதேன்னேன். அந்தம்மா உடனே புருஷனைப் பெஞ்சிலயே உக்கார வெச்சுட்டுப் போயிடுச்சு.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரி வாசல்ல ஒரே கூட்டம் சார். மீன் ஏத்தற டெம்போ ஒண்ணு வந்து நிக்குது. கழுவித்தான் இருந்தாங்க, ஆனாலும் வாசனை இருக்கும்ல. பின்னால நடுவுல ஒரு மர நாற்காலி, அதுல எஸ்தர் மேடம். காலை நீட்டி, கீழ தெர்மோகோல் பெட்டியை முட்டுக் கொடுத்து வெச்சிருக்காங்க. சுத்தி மார்க்கெட் ஆளுங்க. கூடை தூக்கற தோளுங்க சார் அதெல்லாம். நாற்காலியோட ரெண்டு மாடி இறக்கி, ஒரு குலுங்கல் இல்லாம கொண்டு வந்திருக்காங்க. அப்படியே பிளானிங் ரூம் வாசல்ல இறக்கினாங்க. அந்தம்மா என் முன்னால வந்து கையை நீட்டிச்சு.  சாவி கேக்குது.

மேடம் போனை ஸ்பீக்கர்ல போட்டாங்க. அந்தப் பக்கம் சபேசன் டாக்டர். "சிங்காரவேலு, கதவைத் திறங்க. மேடம் என்ன சொல்றாங்களோ அதை டைப் பண்ணுங்க. ஒரு எழுத்து கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

எழுத்துமூலமா இல்லதான். ஆனா பெரியவங்க குரல். திறந்தேன். மேடம் சொல்லச் சொல்ல டைப் பண்ணினேன். 'நோ'வை 'யெஸ்' ஆக்கினேன். அந்த வரியை எடுத்தேன். வயரைச் சொருகினேன். மேடம் அவங்க லேப்டாப்பை மடியில வெச்சு ஆஸ்பத்திரி வைஃபையிலேர்ந்து உள்ளே போய்த் தட்டினாங்க. அவங்க மடியிலயே விண்டோ திறந்துடுச்சு. கவனிங்க சார். டைப் பண்ணினது யாரு? நான். இதை எந்த மீட்டிங்கிலயும் யாரும் சொல்லல.

வந்ததுதான் வந்துட்டோம்னு மேடம், பிளானை ஆரம்பிக்கறதுக்கு முன்னால தெட்சிணாமூர்த்தியை உள்ளே கூப்பிட்டாங்க. முகத்தைப் பார்த்தாங்க. அலமாரியிலேர்ந்து மாஸ்க்கை எடுத்து மாட்டச் சொன்னாங்க. கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல மேடம் விரல் சாதாரணமாப் போயிட்டு வருது. அவ்வளவு இளைச்சுட்டார். "இதை வெச்சுக் கரண்ட் கொடுத்தா தலை அசையும். வேற இடத்துல படும்"னாங்க. அன்னிக்கே புது மாஸ்க், புது ஸ்கேன், புது பிளான். மூக்கு வழியா டியூப் போட்டுச் சாப்பாடு கொடுக்கணும்னு டயட் டாக்டரையும் கூப்பிட்டுச் சொன்னாங்க. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. சாயந்திரம் அதே டெம்போவுல போனாங்க. அதுக்கப்பறம் வீட்டுலேர்ந்தே எல்லாம் பார்த்தாங்க. விண்டோ ஒழுங்கா வந்தது.

தெட்சிணாமூர்த்தி பிழைச்சுட்டார் சார். கரண்ட் முழுசா முடிஞ்சு, தை மாசம் கழிச்சு என் ரூமுக்கு வந்தார், சம்சாரத்தோட, பெரிய வஞ்சிரம் ஒண்ணு வாழை இலையில சுத்தி. குரல் கரகரன்னுதான் இருக்கு, ஆனா வெளியே வருது. "அய்யா, உங்க பொட்டி சரியா இருந்திருந்தா எஸ்தரம்மா வீட்டுலேர்ந்தே வேலையை முடிச்சிருப்பாங்க. நேர்ல வந்ததாலதானே மாஸ்க்கு லூசுன்னு பார்த்தாங்க. எல்லாம் நல்லதுக்குத்தான்"னார். சம்சாரம் அவர் முழங்கையைப் பிடிச்சு இழுத்துச்சு, ஏன்னு தெரியல.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. யோசிச்சுப் பாருங்க, அந்த மனுஷன் சொல்றது எவ்வளவு உண்மை. நான் ஒழுங்குமுறையில உறுதியா நின்னேன். அதனாலதான் மேடம் வந்தாங்க. அதனாலதான் மாஸ்க் மாறிச்சு. ஒரு உயிர் சார்.

இதை இருதயராஜ்கிட்டச் சொன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "மாஸ்க் எடுத்தப்ப அச்சு மாதிரி பொருந்தியிருந்தது சார். லூசானதே நாள் போனதாலதான்"னான். அவன் அப்படித்தான். எதுலயும் நல்லதே தெரியாது அவனுக்கு.

அப்பறம்தான் இந்த மாற்றல். புதுக் கிளைக்குப் பொறுப்பான ஆள் வேணும்னு சபேசன் டாக்டரே சிபாரிசு பண்ணினாராம். நான் கேக்கக்கூட இல்ல. அங்க இன்னும் கட்டடம் பூச்சு வேலையில இருக்கு, கம்ப்யூட்டரே வரல. வந்தப்பறம் பார்த்துக்கலாம், முன்னாடியே போய் இடத்தைப் பழகிக்குங்கன்னாங்க. அவசரம் பாருங்க அவங்களுக்கு.

கிளம்பறதுக்கு முன்னால எஸ்தர் மேடத்தைப் பார்க்கப் போனேன். இப்ப கைத்தடி வெச்சு நடக்கறாங்க. தெட்சிணாமூர்த்தி சொன்னதைச் சொன்னேன்.  பழைய மெஷினோட பொறுப்பு இன்னும் என்கிட்டதானே இருக்கு, மாசம் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டுமான்னு கேட்டேன்.

"வேண்டாம் சார், அவ்வளவு தூரம் எதுக்கு அலையறீங்க? உங்க பாஸ்வேர்டை மட்டும் இருதயராஜ்கிட்டக் கொடுத்துட்டுப் போங்க"ன்னாங்க.

எவ்வளவு அக்கறை பாருங்க சார். என் உடம்பைப் பத்தி என் வீட்டுலகூட இப்படி யாரும் யோசிக்கல.